சிவக்காத பஞ்சு

மாடிப்படியில் ஏறி வரும் செருப்புச் சத்தத்தைக் கேட்ட சிலுவைமுத்து, வருவது யாரையாவது கொன்றுவிட்டு வரும் ஆளா, இனிமேல்தான் கொல்லப் போகும் ஆளா என்று யோசித்தான். கதவு திறந்ததும் இரண்டாவதுதான் என்று முடிவு செய்தான். கொன்றுவிட்டு வருகிறவர்கள் முகத்தில் கொஞ்சமாவது நிம்மதி தெரியும்.

வந்தவள் குர்ஷித் பேகம். பேகம்பூரில் நெய்க்கடை வைத்திருப்பவள். முக்காடு நெற்றியில் இறுகியிருந்தது. கையில் ஒரு தூக்குவாளி.

"துப்பறியிறவுக யாரு?"

"அந்தா உக்காந்திருக்காரு. நான் துப்புக் கொண்டாரவன். அறியிறது அவரு," என்றான் சிலுவைமுத்து.

கீழே பூட்டுப் பட்டறை. மேலே ‘பொன்னுத்துரை, பி.எஸ்ஸி., தனித் துப்பறிவாளர்’ என்று ஒரு பலகை. பட்டறையில் நாள் முழுக்க அரம் ராவுகிற சத்தம் ஓயாது என்பதால், திண்டுக்கல்லிலேயே ரகசியத்தைக் கத்திச் சொல்ல வேண்டிய ஒரே இடம் அதுதான். கட்சிக்காரர் சொல்வதைக் கீழே ஒன்பது பேர் கேட்ட பிறகுதான் மேலே பொன்னுத்துரையின் காதுக்கு அது எட்டும்.

பேகம் தூக்குவாளியை மேசைமேல் வைத்தாள். மேசை ஒரு பக்கம் சாய்ந்து நிமிர்ந்தது.

"ஜெயிலுக்குப் போறதப் பத்தி எனக்குக் கவலை இல்ல தம்பி. போனா ஆறு மாசம். எங்க மாமியாரோட பதினாலு வருஷம் இருந்தவ நான். ஆனா இதைச் செஞ்சவன் எவனோ, அவன் மூஞ்சி ஊர் முன்னால செவக்கணும். என் நெய்யி செவந்த மாதிரி!"

கீழே அரம் ராவுகிற சத்தம் நின்றது. ஒன்பது பேரும் ஆர்வமாகிவிட்டார்கள்.

விஷயம் இவ்வளவுதான். புருஷன் மவுத்தாகி இரண்டு வருஷமாக பேகம்தான் கடையை நடத்துகிறாள். பேகம்பூர் பிரியாணிக் கடைகளில் பாதிக்கு மேல் அவள் நெய்தான். புதன்கிழமை காலை சுகாதார அதிகாரி வந்து சரக்கு வைக்கிற கிட்டங்கியில் வாசலோரம் இருந்த டின்னைத் திறக்கச் சொன்னார். ஒரு கரண்டி நெய் எடுத்து, ஆசிட்டும் சர்க்கரையும் விட்டுக் குலுக்கினார்கள். ரத்தமாகச் சிவந்துவிட்டது. வனஸ்பதிக் கலப்படம் என்று கிட்டங்கிக்குச் சீல் வைத்தார்கள். நாளை பகல் பன்னிரண்டு மணி தபாலில் அந்த நெய் சென்னை ஆய்வுக்கூடத்துக்குப் போகிறது. போய்விட்டால் கேஸ். கேஸ் என்றால் லைசென்ஸ் போய்விடும். அப்புறம் ஆறு மாதம்.

"வனஸ்பதியில இருந்து எதுக்குச் சிவப்பு வருது அண்ணே?" என்றான் சிலுவைமுத்து.

"வனஸ்பதி செய்யிறவன் நூத்துக்கு அஞ்சு பங்கு நல்லெண்ணெய் சேர்த்தே ஆகணும்னு சர்க்கார் சட்டம். நெய்யில கலந்தா காட்டிக் கொடுக்கட்டும்னு. சிவக்கிறது அந்த நல்லெண்ணெய்தான்." பொன்னுத்துரை பேனாவை எடுத்தான். "பரிசோதனை பண்ணினது யாரும்மா?"

"அதிகாரிக்கு ஆலோசனை சொல்லுறாருல்ல, காலேஜு புரொபசர் உடையப்பன். அவருதான்."

பேனாவின் முள் தாளில் குத்தி நின்றது. சிலுவைமுத்து மெதுவாக மேசைக்கு அடியில் பார்த்தான்.

அந்த மேசைக்கு ஒரு கால் குட்டை. அதற்கு முட்டுக் கொடுத்திருந்தது நாலாக மடித்த ஒரு பத்திரிகைத் துண்டு. அதில் மாலையோடு சிரித்துக்கொண்டிருந்தவர்தான் புரொபசர் உடையப்பன். நாலு வருஷத்துக்கு முன் அவருக்குக் கீழே பொன்னுத்துரை டெமான்ஸ்ட்ரேட்டர். ஆறு வருஷம் உட்கார்ந்து, செடிகொடிகளில் கிடைக்கும் லிக்னான் என்கிற சரக்குகளை இனம் பிரித்து, கையாலேயே நூற்றுப் பன்னிரண்டு பக்கம் எழுதினான். ‘திருத்தித் தருகிறேன்’ என்று புரொபசர் வாங்கிக்கொண்டு போனார். திருத்தினார் என்பது உண்மைதான். எழுதியவர் பெயரை மட்டும் திருத்தினார். அது அவர் பெயரில் அச்சாகி, மாலையும் விழுந்தது. கேட்கப்போன பொன்னுத்துரைமேல் பிளாட்டினம் கிண்ணம் திருடியதாகப் புகார் விழுந்தது. அன்று முதல் தினமும் புரொபசர் முகத்தின்மேல் மேசையை வைத்துத்தான் அவன் காப்பி குடிக்கிறான்.

"அம்மா, உங்க கேஸை எடுத்துக்கிட்டேன்," என்றான் பொன்னுத்துரை. குரல் மிகவும் சாந்தமாக இருந்தது. சிலுவைமுத்துவுக்கு அதுதான் பயமாக இருந்தது.

பூட்டுப் பட்டறையில் ஆசிட்டுக்குப் பஞ்சமில்லை. கால் மணி நேரத்தில் மேசைமேல் மூன்று கண்ணாடிக் குழாய்கள் நின்றன. ஒன்றில் சிவந்த டின் நெய்; அதிகாரி மாதிரி எடுத்தபோது சட்டப்படி பேகத்திடம் கொடுத்துவிட்டுப் போன பங்கு. இரண்டாவதில் தூக்குவாளியில் வந்த, அதே கிட்டங்கியின் வேறொரு டின் நெய். சீல் வைப்பதற்கு முன்பே வீட்டுச் சமையலுக்கென்று எடுத்தது. மூன்றாவதில் தெருக்கோடிக் கடையில் வாங்கிய சுத்தமான வனஸ்பதி. ஆசிட், சர்க்கரை, குலுக்கல்.

இரண்டாவது குழாய் நிறம் மாறவில்லை. மூன்றாவது ரோஜாப்பூ நிறம். முதலாவது செம்பருத்தி.

"என்னண்ணே இது? வனஸ்பதியே வெக்கப்படுது. இது வனஸ்பதியவிட அதிகமா செவந்திருக்கு!"

"அதேதான்! டின்னு முழுக்க வனஸ்பதியா இருந்தாக்கூட இம்புட்டுச் சிவப்பு வராது. அப்ப இதுல கலந்தது வனஸ்பதி இல்ல. எவனோ நல்லெண்ணெயையே நேரா ஊத்தியிருக்கான்."

"நான் அன்னைக்கே சொன்னேன் தம்பி!" பேகம் மேசையில் அறைந்தாள். "மூடியத் தொறந்ததும் செக்கு வாசம் அடிச்சுச்சு. ‘பொம்பளை மூக்கெல்லாம் சாட்சி ஆகாது’ன்னுட்டாரு அந்தப் புரொபசரு."

"நல்லெண்ணெயக் கலந்து நெய்யி விக்கிற முட்டாள் எந்த ஊர்லயும் கிடையாது," என்றான் பொன்னுத்துரை. "வாசம் காட்டிக் கொடுக்கும். இது விக்கிறதுக்குக் கலந்ததில்ல, மாட்டி விடுறதுக்கு ஊத்தினது. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கிட்டங்கிக்குள்ள யார் யாரு வந்தாங்க?"

மூன்று பேர். மூன்று பேருக்கும் பேகம்மேல் ஆளுக்கொரு கோபம் உண்டு. அவள் மூவரையும் விரல் விட்டுச் சொன்ன விதத்தில் ஒரு பெருமைகூட இருந்தது.

முதல் ஆள் நாச்சிமுத்து, ஒட்டன்சத்திரம் பக்கத்து வெண்ணெய் வியாபாரி. போன மாதம் அவன் வெண்ணெயில் தண்ணீர் நிற்கிறது என்று பேகம் வண்டியோடு திருப்பி அனுப்பினாள். அனுப்புமுன் அந்தத் தண்ணீரைப் பிழிந்து அவனுக்கே ஒரு தம்ளர் குடிக்கக் கொடுத்தாள். இரண்டாவது புரொபசர் உடையப்பன். ஆய்வுக்கு முதல்நாள் இடம் பார்க்க வந்தார். அவர் தன் மகள் கல்யாணத்துக்கு இரண்டு டின் நெய் ‘அன்பளிப்பாக’ கேட்டிருந்தார். பேகம் ரிப்பன் கட்டி இரண்டு காலி டின் அனுப்பியிருந்தாள். மூன்றாவது கண்ணுசாமி. டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்துகிறவன். உபதொழிலாக வனஸ்பதி ஏஜென்சி. ‘நெய்யில கொஞ்சம் கலந்தா யாருக்குத் தெரியும்’ என்று பேகத்திடம் யோசனை சொல்லப் போனான். அவன் கொண்டுவந்த மாதிரி டின்னையே வாங்கி, கடைத்தெரு பார்க்க அவன் தலையில் கவிழ்த்தாள்.

"அவ்வளவும் பண்ணிட்டு அவனைக் கிட்டங்கிக்குள்ள விட்டீகளா அக்கா?"

"மூணு மாசம் ஆச்சுல்ல. மறந்துட்டான்னு நெனச்சேன். லைசென்ஸு மனுவ டைப் அடிச்சுக் கொண்டாந்து கொடுத்தான். கூலிகூட வேணாம்னுட்டான்."

"டைப்பிஸ்ட்டு கூலி வேணாம்னா நான் அப்பவே போலீசைக் கூப்பிட்டிருப்பேன்."

"ஏலே, சும்மா இரு," என்றான் பொன்னுத்துரை. "வனஸ்பதி ஏஜெண்டு பழி வாங்கணும்னா வனஸ்பதியத்தான் ஊத்துவான். அவனுக்குத் தெரிஞ்சது அதுதான். ‘வனஸ்பதி வாங்கினா ஆள் தெரிஞ்சிரும், சிவப்புக்குக் காரணம் நல்லெண்ணெய்தானே, அதையே ஊத்துவோம்’னு யோசிக்கிறவன் கெமிஸ்ட்ரி படிச்சவன். இந்த மூணு பேர்ல படிச்சவன் ஒருத்தன்தான்."

சொல்லிவிட்டு மேசைக் காலைப் பார்த்துச் சிரித்தான்.

"அண்ணே, இப்ப ஒங்க கண்ணுதான் செம்பருத்தி மாதிரி இருக்கு. ஆசிட்டு வேணாம், சர்க்கரையும் வேணாம்."

பொன்னுத்துரை அதைக் காதில் வாங்கவில்லை. "சிலுவை, நாளைக்கு என்ன கிழமை?"

"சனி."

"போதும்," என்று தாளை இழுத்தான்.

அவன் எழுதும்போது சிலுவைமுத்து தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான். ஆபீஸ் காரியம் என்பதால் இங்கிலீஷ். அச்சில் வார்த்தது மாதிரி எழுத்து. செவ்வாய்க்கிழமை மாலை கிட்டங்கிக்குள் வந்த மூவரும் சனிக்கிழமை பதினோரு மணிக்குச் சுகாதார அலுவலகத்துக்கு வர வேண்டும். அவர்கள் உடம்பில் லிக்னான் இருக்கிறதா என்று சோதிக்கப்படும். அவ்வளவுதான். இதையே நாலு படி எழுதினான். ஒன்று சிலுவைமுத்துவின் சட்டைப் பைக்கு.

"அதென்னண்ணே லிக்னான்? யாரோ அமெரிக்காக்காரன் பேரு மாதிரி இருக்கு."

பொன்னுத்துரை ஜன்னல் விளிம்பில் கிடந்த இரண்டு சாவிகளை எடுத்தான். "இந்தா, சாவியோட வளையம் இருக்குல்ல, அது ஆறு கார்பன். தண்டு மூணு கார்பன். இந்த மாதிரி ரெண்டு சாவி, தண்டுக்கு நடுவுல ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டா அது லிக்னான். வேற எங்க ஒட்டினாலும் இந்தக் குடும்பத்துல சேர்த்தியில்ல. ஒட்டிக்கிட்டுச் சும்மா நின்னா ஒரு கிளை, கீழாநெல்லியில இருக்குறது. ஒட்டின இடத்துக்குப் பக்கத்துல ஆக்ஸிஜன் ஒண்ணு வந்து புதுசா ஒரு வளையம் போட்டா அடுத்த கிளை, அது வால்மிளகு. அப்படி ரெண்டு வளையம் விழுந்துச்சுன்னா..."

"விழுந்துச்சுன்னா?"

"எள்ளு. நல்லெண்ணெயில இருக்குற லிக்னான். ஆசிட்டுல சிவக்கிறது அந்த வகையறாதான். பார்த்தா கீழாநெல்லிக்கும் எள்ளுக்கும் ஒரு ஒட்டும் இருக்காது. உள்ள போய்ப் பார்த்தா பங்காளிங்க. அதைக் கண்டுபிடிக்கத்தான் ஆறு வருஷம்." சாவிகளைப் பட்டென்று கீழே வைத்தான். "லிக்னான்னா நல்லெண்ணெய்னு இந்த ஊர்ல தெரிஞ்சவன் ரெண்டே பேரு. ஒருத்தன் நான். இன்னொருத்தன் என்கிட்ட திருடினவன்."

அதிகாரியிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு சிலுவைமுத்து சைக்கிளில் கிளம்பினான்.

நாச்சிமுத்து வெண்ணெய் மண்டியில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றான். சிலுவைமுத்து நோட்டீசைத் தமிழில் சொல்லக் கேட்டதும் அவனுக்கு வியர்த்தது.

"ஏனுங்க, இந்த லிக்னான் தொரை எந்த ஊருங்க? ரொம்பக் கோவக்காரருங்களா?"

"தங்கமான மனுசன். நாளைக்கு நேர்லயே பாருங்க."

புரொபசர் உடையப்பன் வீட்டு வாசலில் தேக்கு நாற்காலியில் சாய்ந்திருந்தார். நோட்டீசைப் படித்ததும் சட்டென்று எழுந்து நின்றார். நாற்காலியை ஒருமுறை பார்த்தார். இரண்டு கையையும் வேட்டியில் அழுத்தித் துடைத்துக்கொண்டார்.

"லிக்னானா? என்கிட்டயேவா? அதுல புஸ்தகம் போட்டவன்யா நான்!"

"அதுக்குத்தான் ஒங்களை நேர்ல பாக்கணும்னு எங்க அண்ணன் துடிக்கிறாரு சார்."

கண்ணுசாமி இன்ஸ்டிடியூட்டில் விசைகளைப் பார்க்காமல் தட்டிக்கொண்டிருந்தான். நோட்டீசை வாங்கி ஒரு தடவை படித்தான். இன்னொரு தடவை எழுத்தை மட்டும் பார்த்தான்.

"கையெழுத்து நல்லா இருக்கு. டைப் அடிக்கிறவனுக்குச் சிரமம் கொடுக்காத எழுத்து," என்றான். "பதினோரு மணிதான?"

வேறு ஒன்றும் கேட்கவில்லை. ‘மரியாதையான மனுஷன்’ என்று நினைத்துக்கொண்டு சிலுவைமுத்து சைக்கிளைத் திருப்பினான்.

மறுநாள் சிலுவைமுத்து வீட்டில் வழக்கமான சனிக்கிழமை. மனைவி வியாகுலம்மாள் காய்ச்சின நல்லெண்ணெயை உச்சந்தலையில் வைத்து அறைந்த அறையில், அவனுக்கு முந்தின நாள் நடந்ததெல்லாம் மறந்துபோயிற்று. "ஆம்பளைக தலை முழுகுற நாளாப் பாத்து எவனாச்சும் சோலி வைப்பானா? செத்த நேரம் ஊறவிடாம எந்திரிக்கிறீக," என்று திட்டிக்கொண்டே சீயக்காயைப் போட்டுத் தேய்த்தாள். கண் எரிய, தலை காயாமல் பதினோரு மணிக்குச் சுகாதார அலுவலகத்துக்குப் போய் நின்றான்.

அதிகாரி மேசையில் ஒரு கடிகாரமும் அரக்கு வைத்த ஒரு பொட்டலமும் இருந்தன. அவர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். "பன்னண்டு மணிக்குத் தபால் போயிரும் மிஸ்டர் பொன்னுத்துரை. ஒரு நிமிஷம் தாமசிக்க முடியாது."

பேகம் ஓரமாகத் தூக்குவாளியோடு உட்கார்ந்திருந்தாள். நாச்சிமுத்துவும் கண்ணுசாமியும் மர பெஞ்சியில் இருந்தார்கள். புரொபசர் மட்டும் அறை நடுவில், எதையும் தொடாமல், இரண்டு கையையும் கொஞ்சம் விரித்தபடி நின்றார். அதிகாரி பெஞ்சியைக் காட்டியபோது பாம்பைக் காட்டியது மாதிரி ஒதுங்கினார்.

"சார், உக்காரலாமே," என்றான் சிலுவைமுத்து.

"வேண்டாம். எனக்கு இரும்பு நாற்காலி இருந்தாச் சொல்லு."

பொன்னுத்துரை சட்டைக்கையை மடித்துவிட்டுக்கொண்டான். பெட்ரோலில் நனைத்த பஞ்சை எடுத்து நாச்சிமுத்துவின் நகக்கண்களைத் துடைத்தான். அதைக் குழாயில் போட்டு, ஆசிட்டும் சர்க்கரையும் விட்டுக் குலுக்கினான். எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள்.

பஞ்சு மெல்லச் சிவந்தது.

"ஐயோ சாமி! நானில்லீங்க! அந்தத் தொரைய நான் கண்ணாலகூடப் பாத்ததில்லீங்க!" நாச்சிமுத்து பெஞ்சியிலிருந்து நழுவித் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

பேகம் வாளியோடு எழுந்தாள். பொன்னுத்துரை கையைக் காட்டி அவளை நிறுத்தினான். அப்போதுதான் சிலுவைமுத்துவின் மூக்குக்கு நாச்சிமுத்துவின் தலையிலிருந்து சீயக்காய் வாசம் எட்டியது. தன் தலையிலும் அதே வாசம். சனிக்கிழமை! ஊரில் பாதி ஆம்பளைகள் இன்று காலை நல்லெண்ணெய் தேய்த்துக் குளித்திருப்பார்கள். தெரியாதவன் நகமெல்லாம் சிவக்கும். லிக்னான் என்றால் என்னவென்று தெரிந்தவன் மட்டும் இன்று தலை முழுகியிருக்க மாட்டான். அண்ணன் தேடுவது சிவக்கிற பஞ்சை அல்ல, சிவக்காத பஞ்சை!

சிலுவைமுத்து அந்தக் கெட்டிக்காரத்தனத்தில் மயங்கிப்போய் அண்ணனைப் பார்த்தான். அண்ணன் புரொபசரைப் பார்த்துக்கொண்டிருந்தான். கல்யாண வீட்டில் இலை போட்டதும் உட்கார்ந்திருக்கிறவன் பார்க்கிற பார்வை.

"கையைக் கொடுங்க சார். நாலு வருஷமாச்சு ஒங்க கையைப் பிடிச்சு."

பஞ்சு குழாய்க்குள் விழுந்தது. பொன்னுத்துரை குலுக்கினான். நிறுத்திப் பார்த்தான். மறுபடி குலுக்கினான்.

பஞ்சு சிவந்துகொண்டே போனது. நாச்சிமுத்துவுடையதைவிட ஒரு பிடி அதிகம்.

பொன்னுத்துரையின் முகம் விழுந்ததை அந்த அறையில் சிலுவைமுத்து ஒருவன்தான் பார்த்தான். நாலு வருஷம் காத்திருந்த இலையில் சோறு விழவில்லை. புரொபசர் இன்று காலை நன்றாக எண்ணெய் தேய்த்துக் குளித்திருக்கிறார். அப்படியானால் அவருக்கு லிக்னான் என்றால் என்னவென்றே தெரியாது. ஆசிட்டில் சிவக்க வைப்பது எது என்றே தெரியாதவர் நல்லெண்ணெயைத் தேடி ஊற்றியிருக்க முடியாது.

"இது... இது அபாண்டம்!" என்று புரொபசர் கத்தினார். "நேத்து சாயங்காலத்துல இருந்து நான் ஒரு மரச்சாமானைத் தொடலை! ராத்திரி பாயிலதான் படுத்தேன்! லிக்னான் எப்படி வரும்?"

அதிகாரியின் பார்வை கடிகாரத்திலிருந்து புரொபசருக்குத் திரும்பியது.

"மரச்சாமானா?" என்றார் அதிகாரி.

"லிக்னான் மரக்கட்டைல இருக்குற வஸ்து சார். என் புஸ்தகத்திலேயே போட்டிருக்கு, முதல் பக்கம்!"

"முதல் பக்கத்துல இருக்கு," என்றான் பொன்னுத்துரை மெதுவாக. "பதினேழாம் பக்கத்துல வேற ஒண்ணு இருக்கு சார்."

ஆனால் அவன் குரலில் உற்சாகம் இல்லை. பேகம் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடிகாரம் பதினொன்று நாற்பது. அதிகாரி பொட்டலத்தைக் கையில் எடுத்தார்.

"இன்னும் ஒரு ஆள் பாக்கி சார்," என்றான் சிலுவைமுத்து. அண்ணன் அசையாததால் தானே பஞ்சை எடுத்துக் கண்ணுசாமியின் விரல்களைத் துடைத்தான். குழாயில் போட்டான். குலுக்கினான்.

பஞ்சு வெள்ளையாகவே இருந்தது. இன்னும் குலுக்கினான். முயல்குட்டி மாதிரி வெள்ளை.

கண்ணுசாமி அதிகாரி பக்கம் திரும்பி, பெஞ்சியில் நிமிர்ந்து உட்கார்ந்தான். "பாத்துக்கங்க சார். என் கையில ஒரு சொட்டு எண்ணெய் கிடையாது. நான் போகலாமா?"

சிலுவைமுத்து குழாயைக் கீழே வைத்தான். சட்டைப் பையிலிருந்து நோட்டீசை எடுத்து நிதானமாகப் பிரித்தான்.

"எண்ணெயா? சார், இந்த நோட்டீசுல எண்ணெய்னு எங்கயாச்சும் இருக்கா பாருங்க. நேத்து மூணு இடத்துல நான்தான் கொடுத்தேன். ஒருத்தரு லிக்னான் எந்த ஊர்த் தொரைன்னு கேட்டாரு. ஒருத்தரு நாற்காலிய விட்டு எந்திரிச்சாரு. இந்த அண்ணாச்சி மட்டும் ஒண்ணுமே கேக்கலை. டைப் அடிக்கிறவருக்கு லிக்னான்னா எண்ணெய்னு யாருண்ணே சொன்னது?"

"அது... சும்மா... நெய்க் கேசுல எண்ணெய்தான் வரும்னு..."

"சரி. இன்னைக்குச் சனிக்கிழமை. தலை முழுகலையா?"

"சளி."

சிலுவைமுத்து அவன் விரலைப் பிடித்து மோந்து பார்த்தான். "சளிக்கு நகக்கண்ணுல சீமெண்ணெய் தேய்க்கிறது எந்த வைத்தியம்?"

கண்ணுசாமி கையை இழுத்துக்கொண்டான். பொன்னுத்துரை இப்போதுதான் தூக்கத்திலிருந்து விழித்தவன் மாதிரி அவனை ஏறிட்டான். "உனக்கு எப்படித் தெரியும்? பதினேழாம் பக்கத்துல எள்ளு இருக்குறது உனக்கு எப்படித் தெரியும்?"

பதில் வேறு திசையிலிருந்து வந்தது. தன்மேல் இருந்த பழி இறங்கிய சந்தோஷத்தில் புரொபசர் குதித்தார்.

"இவனுக்குத் தெரியாம யாருக்குத் தெரியும்! அந்த மேனுஸ்கிரிப்டு நூத்துப் பன்னெண்டு பக்கத்தையும் மூணு கார்பன் வெச்சு இவன்தான் சார் டைப் அடிச்சான்! நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன்!"

"கையெழுத்துப் பிரதியையா சார்?" என்றான் பொன்னுத்துரை.

"ஆமா!"

"யாரோட கையெழுத்து?"

புரொபசர் வாயைத் திறந்தார். அவர் முகத்துக்கு ஆசிட்டும் தேவைப்படவில்லை, சர்க்கரையும் தேவைப்படவில்லை. கழுத்திலிருந்து ஏறத் தொடங்கிய சிவப்பு வழுக்கை வரைக்கும் போனது.

"நான் சொல்றேன்," என்றான் கண்ணுசாமி. இனி ஒளிக்க ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் அவனுக்கு ஒரு வீம்பு வந்துவிட்டது. "நேத்து நோட்டீசு எழுதின அதே கையி. பாத்ததுமே தெரிஞ்சுக்கிட்டேன். எள்ளு எந்தக் கிளை, ஆசிட்டுல எது செவக்கும், எல்லாம் என் விரலுக்கு மனப்பாடம். படிச்சவங்க படிக்கலை, அடிச்சவன் படிச்சேன். ஆமாய்யா, ஒரு படி எண்ணெய் ஊத்தினேன். இவ ஊர் பாக்க என் தலையில ஊத்தினாள்ல! மூணு மாசமா தெருவுல போக முடியலை. ‘என்ன கண்ணுசாமி, இன்னைக்கு என்ன பொரிக்கப் போற?’ன்னு ஒவ்வொருத்தனும் கேக்குறான். எம் பொஞ்சாதிகூடக் கேட்டுட்டா!"

பேகம் தூக்குவாளியைத் தூக்கிக்கொண்டு அவன் முன்னால் வந்து நின்றாள். அதிகாரி நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார். கண்ணுசாமி கண்ணை இறுக்கி மூடினான்.

"கண்ணத் தொற," என்றாள். "இது நல்ல டின்னு நெய்யி. ஒன் தலைக்கு அம்புட்டு மரியாதை நான் கொடுக்க மாட்டேன்."

அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்று ஐம்பத்தைந்து. பொட்டலத்தின் அரக்கை நகத்தால் பெயர்த்து உடைத்தார். "வாக்குமூலம் எழுதி வாங்கணும். கிளார்க்கு சனிக்கிழமைன்னு அரை நாள் லீவு போட்டுட்டுப் போயிட்டாரு."

"கிளார்க்கு எதுக்கு சார்?" என்றான் பொன்னுத்துரை. அவன் முகத்தில் பழைய சாந்தம் திரும்பியிருந்தது. "திண்டுக்கல்லிலேயே பிழை விடாம டைப் அடிக்கிறவரு இங்கேயே இருக்காரே."

ஆகவே கண்ணுசாமி அலுவலக டைப்ரைட்டர் முன் உட்கார்ந்து, தன் குற்றத்தைத் தானே அடித்தான். மூன்று கார்பன் வைக்கச் சொன்னான் பொன்னுத்துரை. வழக்கம் தெரிந்தவனுக்கு இரண்டாவது தடவை சொல்ல வேண்டியிருக்கவில்லை. என்ன ஊற்றினான், எப்போது, எதற்காக. நல்லெண்ணெய் சிவக்கும் என்பதை எந்தப் பிரதியிலிருந்து தெரிந்துகொண்டான், அதை யார் கொண்டுவந்து கொடுத்தார், அது யாருடைய கையெழுத்து. ஒரு எழுத்தைக்கூட அழிக்கவில்லை, திருத்தவில்லை. கோபத்திலும் விரல் தடுமாறாத கலைஞன்.

"கீழே சாட்சிக்கு இடம் விடு," என்றான் பொன்னுத்துரை. "புரொபசர் சார் போடுவாரு. எல்லாம் அவர் முன்னாலதானே நடந்தது?"

புரொபசர் அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி பேனாவை நீட்டினார். மர மேசையில் கையை ஊன்றி, நாலு தாளிலும் நாலு தடவை, உடையப்பன் கையெழுத்துப் போட்டார். பேகம் பக்கத்தில் நின்று அவர் வழுக்கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கேட்டது ஒரு மூஞ்சி," என்றாள் சிலுவைமுத்துவிடம். "அல்லா ரெண்டாக் கொடுத்துட்டான்."

அசல் அதிகாரிக்குப் போனது. முதல் படி பேகத்துக்கு; கடைவாசலில், பிரியாணிக்கடைக்காரர்கள் கண்ணுக்கு நேராக, கண்ணாடி போட்டு மாட்டப் போவதாகச் சொன்னாள். இரண்டாவது படியை அன்றைக்கே ரிஜிஸ்தர் தபாலில் கல்லூரி முதல்வருக்கு அனுப்பினார்கள். பன்னிரண்டு மணித் தபால் வெறுமனே போயிற்று, அடுத்த தபாலாவது நிறைந்து போகட்டுமே என்றான் சிலுவைமுத்து.

அறைக்குத் திரும்பியதும் பொன்னுத்துரை தரையில் மண்டி போட்டு, மேசைக்கு அடியிலிருந்து அந்தப் பத்திரிகைத் துண்டை உருவினான். நாலு வருஷத்தில் மாலையும் தெரியவில்லை, சிரிப்பும் தெரியவில்லை. கசக்கி ஜன்னல் வழியே எறிந்தான். கீழே பட்டறையில் யாரோ அதை எடுத்துப் பிரித்துப் பார்த்துவிட்டு, "யாருப்பா இது?" என்று கேட்டது மேலே வரைக்கும் கேட்டது.

மேசை ஆடியது.

மூன்றாவது படியை நாலாக மடித்து, உடையப்பனின் கையெழுத்து மேலே வருகிற மாதிரி பார்த்து, காலுக்கு அடியில் வைத்தான். கையால் ஒருமுறை அழுத்திப் பார்த்தான்.

"இப்ப சரியா நிக்கிது," என்றான். "சிலுவை, காப்பி சொல்லு."